வகுப்பறையில் மிச்சமான நேரம்

பொறியியல் கல்லூரியில் நீரியலும் பாசனப் பொறியியலும் நடத்துவது என் வேலை. நான் பிறந்தது சிவகங்கைப் பக்கம், கண்மாய்த் தண்ணீரை நம்பிய ஒரு கிராமத்தில். இந்த இரண்டுக்கும் வெகுகாலம் என்னிடத்தில் பேச்சுவார்த்தை இல்லை. கல்லூரிக்குள் நான் ஒருத்தி, ஊருக்குள் வேறொருத்தி. அந்த இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவை இரண்டு நிகழ்வுகள். பாடம் செல்போனுக்குப் போனது முதலாவது. என் வகுப்புக்குள் வேறு துறை மாணவர்கள் வந்தது இரண்டாவது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். எல்லா ஆசிரியர்களையும்போல நானும் வீட்டிலிருந்து நேரலையில் நடத்தினேன். கிராமத்துப் பிள்ளைகள் மொட்டைமாடியிலும் வேப்பமரத்தடியிலும் சிக்னல் தேடி நின்று கேட்டார்கள். நடுநடுவே என் குரல் அறுந்துபோகும். அதனால் பாடத்தைச் சின்னச்சின்னக் காணொளிகளாகப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். ஒரு கருத்துக்கு ஒரு காணொளி. வெள்ள நீரளவைக் கணக்கிடுவது ஒன்று, கண்மாயின் மிகுநீர் போக்கியான கலுங்கின் மேல் வழியும் தண்ணீரைக் கணக்கிடுவது ஒன்று, பயிரின் நீர்த்தேவை ஒன்று.

அதுவரை பதிலே சொல்லாத பிள்ளைகளிடமிருந்து பதில் வர ஆரம்பித்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, வகுப்பில் ஒருநாளும் வாய் திறந்தவள் இல்லை. அவள் குரல்பதிவில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மேடம், கிளாஸ்ல நீங்க சொன்னத இன்னொரு தடவ கேக்க பயமா இருக்கும். மத்தவங்க என்ன நெனைப்பாங்களோன்னு. வீடியோவ எத்தன தடவ வேணா திரும்பிப் போட்டுக்கலாம்ல.” அவள் ரைவ்ஸ் சூத்திரத்தை ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு படியை ஒரு கெழுவால் பெருக்கச் சொல்லும் சூத்திரம் அது. 1884-இல் சென்னை மாகாணத்துக்காகவே வகுக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் கெழு 6.8, 80 முதல் 160 வரை 8.5, மலையை ஒட்டிய சிறு பகுதிகளுக்கு 10.2. “கடல்ல இருந்து தள்ளிப் போகப்போக ஏன் மேடம் நம்பர் கூடுது?” என்று கேட்டாள். சமவெளி விட்டுச் சரிவு கூடுவதையும், ஓடும் தண்ணீருக்கு அவசரம் கூடுவதையும் அன்றைக்கு அவளோடு வெகுநேரம் பேசினேன். மூன்று ஆண்டு படித்ததில் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

கல்லூரி திறந்த பிறகும் காணொளிகளை நான் கைவிடவில்லை. விடுதியில் முந்தின ராத்திரி பார்த்துவிட்டு, நாலைந்து சிறு கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டு வகுப்புக்கு வரவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இதில் புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கிலேயே, வகுப்புக்கு வரமுடியாத மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்யப் போய் இந்த வழிக்கு வந்து சேர்ந்தார்கள். நம் நாட்டில் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்பிடெல் என்ற காணொளிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. 2017-இல் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம்வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் பெறலாம் என்று 2021-இல் யுஜிசி விதி வகுத்தது.

அந்த 40 சதவீதத்தைப் பார்த்ததும் ஆசிரியர் செலவு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்ட நிர்வாகிகளை எனக்குத் தெரியும். அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது வயிறு எரிந்தது. காணொளி ஆசிரியருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது, உண்மைதான். அந்த நேரம் மாணவருக்குச் சேரவேண்டிய சொத்து. கல்லூரி அதை எடுத்து வேறு கணக்கில் போட்டுக்கொண்டால் காணொளியும் வகுப்பும் சேர்ந்த கலப்புக் கல்வி என்பது அஞ்சல்வழிக் கல்வியைவிட ஒரு படி கீழே போய்விடும்.

சரி, மிச்சமான நேரத்தை என்ன செய்வது? முதலில் வகுப்பிலேயே கணக்குப் போடவைத்தேன். குழுவாக உட்கார்ந்து போட்டார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள், மதிப்பெண்ணும் கூடியது. ஆனால் என் மனசு நிறையவில்லை. பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் சமூகப்பணித் துறையில் என் தோழி ஒருத்தி ஆசிரியை. அவள் மாணவர்கள் களப்பணிக்கென்று கிராமங்களுக்குப் போகிறவர்கள். “உன் பிள்ளைங்க கம்மாயைக் கணக்காப் பாக்குதுங்க, என் பிள்ளைங்க பிரச்சினையாப் பாக்குதுங்க. ரெண்டையும் ஒரே கரையில நிக்க வெச்சா என்ன?” என்றாள். அவளுக்குத் தெரிந்த வேளாண் மாணவர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் கால அட்டவணையைப் பொருத்துவது, பேருந்துக்கு அனுமதி வாங்குவது, பெற்றோர் கையெழுத்து என்று பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டாம். கடைசியில் சனிக்கிழமைகள் கிடைத்தன.

எல்லோரும் எல்லாக் காணொளிகளையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் விதி. சமூகப்பணி மாணவர்கள் கலுங்குச் சூத்திரத்தைப் பார்த்தார்கள். என் மாணவர்கள், நேர்காணல் எடுப்பது எப்படி, ஒரு ஊரில் யாரிடம் முதலில் பேசுகிறோம் என்பதே பதிலை எப்படி மாற்றிவிடும் என்று தோழி பேசிய காணொளியைப் பார்த்தார்கள். பாடம் சொல்ல அங்கே யாரும் நேரம் செலவிட வேண்டியிருக்கவில்லை. கரையில் இறங்கியதும் வேலைதான்.

நாங்கள் போன ஒரு கண்மாயின் கலுங்கில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். என் மாணவர்கள் டம்பி லெவல் என்ற மட்டக் கருவியை வைத்துக் கலுங்கின் உச்சி மட்டத்தை எடுத்தார்கள். பொதுப்பணித் துறை வரைபடத்தில் இருந்த மட்டமும் எடுத்த மட்டமும் பொருந்தவில்லை. கருவியில் கோளாறு என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கோளாறு கருவியில் இல்லை. உச்சியில் மணல் மூட்டை அடுக்கி, மேலே மண் போட்டு, புல்லும் முளைத்திருந்தது. பார்வைக்குக் கரையோடு கரையாக இருந்தது.

என் பிள்ளைகளுக்குக் கோபம். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. வெள்ளத்தின்போது கலுங்கின் மேல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழியலாம் என்று வடிவமைத்திருந்தால், 30 சென்டிமீட்டருக்கு மூட்டை அடுக்கும்போது பாதி உயரம்தான் மிஞ்சுகிறது. ஆனால் வெளியேறும் தண்ணீர் பாதியாகக் குறைவதோடு நிற்காது. வெளியேற்றம் உயரத்தின் ஒன்றரைப் படியைப் பொறுத்தது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். மிச்சத் தண்ணீர் கரையைத்தான் தேடும். கரை உடைவது இப்படித்தான். “படிக்காத ஜனங்க, ஆபத்து தெரியாம பண்ணுறாங்க மேடம்” என்றான் ஒருவன்.

அதே நேரம் சமூகப்பணி மாணவர்கள் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். மதியம் புளியமரத்தடியில் கூடியபோது அவர்கள் நோட்டுகளைப் பிரித்தார்கள். மூட்டை அடுக்கியவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள். அதை ராத்திரியில் பிரித்துப்போட முயன்றவர்கள் உள்வாய்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள். கண்மாய் நிறைந்து நின்றால் அவர்கள் வயல் மூழ்கும். கலுங்கில் வலை கட்டியிருந்தவர் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர். வலையில் குப்பை அடைத்தால் வழிவது இன்னும் குறையும். மாசி மாதம் பயிருக்கு மடையைத் திறக்கச் சொல்லும் விவசாயிகளோடு அவருக்குச் சண்டையே நடந்திருக்கிறது. ஒரே கலுங்கில் மூன்று தரப்பு. என் வரைபடத்தில் ஒரு கோடு.

வேளாண் மாணவி அப்போது பேசினாள். “மூட்டை அடுக்குனவங்க கேக்குறது கடைசி ரெண்டு தண்ணிதான். கதிர் பால் பிடிக்கிற நேரத்துல அது இல்லேன்னா மொத்தமும் பதராப் போயிரும். அதுவரைக்கும் போட்ட உரம், ஆள் கூலி எல்லாமே போச்சு.” ஆபத்து தெரியாமல் செய்யவில்லை, எந்த ஆபத்து முதலில் வரும் என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். சற்றுமுன் கோபப்பட்ட பையன் அவள் சொன்னதை எழுதிக்கொண்டான்.

பழைய கலுங்குகளின் உச்சியில் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். பாசனப் பொறியியல் புத்தகங்களில் அதற்குப் படம் உண்டு. மழைக்காலத்தில் கற்களுக்கிடையே தண்ணீர் தாராளமாக வழியும். மழை ஓய்ந்து வெள்ளப் பயம் தீர்ந்தபின் அந்த இடைவெளிகளில் மண்ணும் பலகையும் வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்ளலாம். அந்தக் கடைசி இரண்டு தண்ணிக்காக! இந்தக் கலுங்கில் எப்போதோ நடந்த சிமென்ட் பூச்சில் கற்கள் போய்விட்டன. அவை நின்ற அடையாளத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். பொறியியல் மாணவர்கள் அந்தக் கற்களை மறுபடி எப்படி நிறுத்தலாம் என்று வரைந்தார்கள். எந்தத் தேதியில் அடைப்பது, யார் முன்னிலையில் அடைப்பது என்பதைச் சமூகப்பணி மாணவர்கள் மூன்று தரப்பையும் கேட்டு எழுதினார்கள். வேளாண் மாணவி பயிர்ப் பருவத்தைக் கணக்கிட்டுத் தேதி சொன்னாள். ஒரு துறை மட்டும் எழுதியிருந்தால் அந்த அறிக்கை பாதியில் நின்றிருக்கும்.

கொடுக்கல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குத் தலைமடைக்காரர்களின் ஆதிக்கமே காரணம் என்று சமூகப்பணி மாணவர்கள் உறுதியாக நம்பினார்கள். அதில் உண்மை இருந்தது. ஆனால் வாய்க்கால் நெடுக மட்டம் எடுத்துப் பார்த்தபோது, வண்டல் மேவி ஓரிடத்தில் வாய்க்கால் தரை ஏறியே போயிருந்தது. யார் விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் மேட்டில் ஏறாது. லெவல் ஸ்டாஃப் என்ற அளவுகோலைக் கையில் பிடித்திருந்த அவர்களில் ஒருத்தி, “இதை வெச்சு மனு எழுதினா யாரும் தட்டிக்கழிக்க முடியாதுல்ல” என்றாள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த அநியாயத்துக்கு அன்றைக்குச் சென்டிமீட்டரில் ஒரு சாட்சி கிடைத்தது.

இனி என் கதை. அந்த ஊரின் நீர்ப்பாய்ச்சியைப் பேச அழைத்திருந்தோம். வயதானவர், தலையில் துண்டு. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதை முறைவைத்துப் பாய்ச்சுகிறவர் நீர்ப்பாய்ச்சி. மாணவர்கள் மடையைத் திறப்பது பற்றிக் கேட்டார்கள். “மடைய ஒடனே தொறந்துரக் கூடாது தாயி. மொதல்ல கடைசி வயலுக்குப் போயி நின்னு பாக்கணும். மேல நின்னு பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்” என்றார். அப்போது சமூகப்பணி மாணவி ஒருத்தி, “உங்களுக்குச் சம்பளம் யார் தர்றாங்க தாத்தா?” என்று கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தெரிந்து பார்க்கவில்லை, ஆசிரியை என்பதால் பார்த்திருப்பார். அவர் சொல்வதற்குள் என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது: “அறுப்பு முடிஞ்சதும் களத்துலயே ஏக்கருக்கு இத்தன மரக்கால்னு நெல் அளப்பாங்க. சில வீட்ல அளக்காமலே விட்டுருவாங்க. எங்க தாத்தாவும் நீர்ப்பாய்ச்சிதான்.”

அந்த வாக்கியத்தை நான் எந்தக் கல்லூரி வளாகத்திலும், எந்த மாணவர் முன்னாலும் அதற்குமுன் சொன்னதில்லை. பல ஊர்களில் நீர்ப்பாய்ச்சி வேலை பட்டியல் சாதிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. எங்கள் குடும்பமும் அப்படித்தான். தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு தாத்தாவுக்கு இருந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் ஒரு செண்டுகூட அவருக்கு இல்லை. பழைய கல் மடைகளில் தண்ணீருக்குள் முங்கி அடைப்பை எடுக்க வேண்டும். கண்மாய் நிறைந்து நிற்கையில் அது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். அவர் உள்ளே போனால் மேலே வரும்வரை பாட்டி கரையில் நின்றுகொண்டே இருப்பாராம். படித்து முன்னேற வேண்டுமானால் இதையெல்லாம் பேசக் கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். பேசினால் அடுத்த கேள்வி சாதி பற்றியதாக இருக்கும் என்று நானும் பயந்தேன். மடையின் வெளியேற்றக் கெழுவைப் பலகையில் எழுதும்போதெல்லாம் அவர் நினைவு வரும். எழுதி முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

அன்று மரத்தடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மாணவன் ஒருவன், “மேடம், உள்ள போனா அடைப்பு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? தண்ணி கலங்கலா இருக்குமே?” என்று கேட்டான். காலில் இழுப்பு தெரியும் என்று தாத்தா சொல்லிக் கேட்டதைச் சொன்னேன். பெரியவர் தலையாட்டி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று காட்டினார். பொறியியல், சமூகப்பணி, வேளாண்மை எல்லாம் மறந்து எல்லோரும் அவர் கையையே பார்த்தோம்.

அதன்பின் மற்றவர்களும் தங்கள் வீட்டைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். தண்ணீர் லாரி ஓட்டுநரின் மகன், எந்தப் பக்கத்துக் கிணறு எந்த மாதம் உப்பாகும் என்று நிலத்தடி நீர் வகுப்பில் சொன்னான். செங்கல் சூளையில் வளர்ந்த பெண் களிமண்ணைக் கையில் பிசைந்தே கண்டுபிடித்தாள். ஆய்வகச் சோதனை அதையே சொன்னது. முன்பெல்லாம் இந்த அறிவைக் கல்லூரி வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தவர்கள்தான் இவர்கள். என்னைப்போலவே. வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் நம் துறையில் யாரும் கேட்காததைக் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது.

பல்துறைக் கல்வி என்ற பெயரில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளும் படிப்புகளும் பெருகுகின்றன. அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. கலுங்கில் அன்று ஒவ்வொருவரும் தம் துறையைத் தெளிவாகக் கற்றிருந்ததால்தான் மற்றவருக்குக் கொடுக்க அவரிடம் ஏதோ இருந்தது. ஒன்றரைப் படியை அறியாத பொறியியல் மாணவன் அங்கே போனால், அவனும் டீக்கடையில் கேட்டதையே சொல்லிக்கொண்டிருப்பான். காணொளிகளால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மையும் இதுதான். ஆழம் குறையாமலே நேரம் கிடைத்தது.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 2000-களின் நடுப்பகுதியில் தொடங்கிய ‘கிராசிங் பவுண்டரிஸ்’ என்ற தெற்காசிய நீர்க்கல்வித் திட்டத்தில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும், டாக்கா, காத்மாண்டு, பேராதனை நிறுவனங்களும், நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பொறியியலோடு சமூக அறிவியலையும் பாலின நோக்கையும் நீர்ப் படிப்புக்குள் கொண்டுவர உழைத்தன. அது முதுநிலைப் படிப்போடு நின்றது. சாதாரண இளநிலைக் கல்லூரிகள்வரை வந்து சேரவில்லை. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் 2014-இல் இந்தியா முழு உறுப்பானது; அந்த உடன்பாட்டையொட்டிப் பொறியாளருக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு அங்கீகாரக் கோப்புகளில் ஒரு தலைப்பாக இடம்பிடித்தது. அதற்கு நேராக மதிப்பெண் சதவீதம் எழுதுகிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற ஒரு கிரெடிட் பாடம் சேர்க்கப்பட்டு, ஏரி மடையான சோழர் காலக் குமிழித் தூம்பு அதில் இடம்பெற்றிருக்கிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். தூம்பு பாடத்துக்குள் வந்துவிட்டது. தண்ணீருக்குள் முங்கி அதைத் திறந்தவர் இன்னும் வரவில்லை. அவரைக் கொண்டுவர வரலாறும் சமூகவியலும் தெரிந்தவர்கள் பொறியியல் வகுப்பில் உட்கார வேண்டும்.

எங்கள் சனிக்கிழமைகளுக்கு இன்றுவரை கிரெடிட் கிடையாது. இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் சேர்ந்து எழுதிய ஒரே அறிக்கைக்கு யார் மதிப்பெண் போடுவது, எந்தப் பாடக் குறியீட்டில் போடுவது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் ஒருவர் அந்த அறிக்கையைப் புரட்டிவிட்டு, இதில் கணக்கு குறைவு என்று ஓரம் வைத்தார். பிள்ளைகள் அதற்காக வருவதை நிறுத்தவில்லை. ஆனால் அவர்களுடைய ஆர்வத்தை மட்டும் நம்பி ஒரு கல்வி முறையை நடத்துவது நியாயமல்ல. விடுதியில் இணையம் இல்லாத பிள்ளைக்கு முந்தின ராத்திரிக் காணொளி ஒரு சுமை; கல்லூரி முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சனிக்கிழமை வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றும் பிள்ளை களத்துக்கு வரமுடியாது. ஆகவே களப்பணி வாரநாள் அட்டவணைக்குள்தான் வரவேண்டும்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: ஆன்லைன் பாடத்துக்கு 40 சதவீதம் என்று எழுதியதுபோல, அதனால் மிச்சமாகும் நேரத்தில் வேறு துறை மாணவர்களோடு சேர்ந்து செய்யும் களப்பணிக்கும் கட்டாய கிரெடிட் என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கும்படி எழுதுங்கள். அதுவரை, தொழிற்கல்வியில் ஆசிரியராக இருக்கும் நண்பர்களே, உங்கள் ஊரிலேயே வேறு துறை நடத்தும் ஒரு கல்லூரி இருக்கும். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அங்கே ஒருவருக்குப் போன் போட்டுப் பேசுங்கள்.